பாவிக்காத கிரெடிட் கார்ட்: மூடுவதா, லிமிட்டைக் குறைப்பதா, லாச்சியில் விடுவதா?

"முதல் வருசம் ஃப்ரீ சேர், ஒரு கார்டும் போட்டு விடுறன்" என்ற பேச்சுக்குத் தலையாட்டிய அரச ஊழியர்கள் மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று எங்கும் இருக்கிறார்கள். லாச்சிக்குள் இரண்டு மூன்று கார்ட் சேர்ந்துவிடும். வீட்டு லோனுக்கோ லீசிங்குக்கோ போகும்போதுதான் கேள்வி வரும்: இதை மூடினால் கிரிப் ஸ்கோர், அதாவது கடன் தர முன் வங்கி பார்க்கும் நம் கடன் புள்ளி, விழுமா?

விழலாம். ஆனால் எல்லோருக்கும் இல்லை. மற்றக் கார்டில் நிலுவை இருக்கிறதா, கிட்டடியில் லோன் எடுக்கப் போகிறீர்களா என்ற இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒரு விளக்கம். "கிரிப்பில பேரு இருக்கு" என்றால் கறுப்புப் பட்டியல் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு. அது பிழை. கிரிப் என்பது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதில் ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் இருக்கும். ஸ்கோர் 250 முதல் 900 வரை. கட்டிய வரலாறு, இப்போதுள்ள கடன் சுமை, கடன் வரலாற்றின் வயது, புதிதாகக் கேட்ட கடன்கள், கடன்களின் வகை ஆகியவற்றிலிருந்து அது வருகிறது. தமிழ்நாட்டு யூடியூப்காரர்கள் பேசும் சிபில் வேறு. அது 300 முதல் 900 வரையான இந்தியக் கணக்கு. அங்கிருந்து வரும் "பழைய கார்டை ஒருபோதும் மூடாதே" என்ற அறிவுரையை இங்கே அப்படியே எடுத்தால் வீட்டு லோனில் இடிக்கும். காரணம் லிமிட் பற்றிய பகுதியில் வருகிறது.

லாச்சியில் விடுவது

எல்லாத் தெரிவுகளிலும் மோசமானது இதுதான், அதிகம் பேர் செய்வதும் இதுதான். கார்டைத் தொடாவிட்டால் கடன் இல்லை என்று நினைக்கிறோம். வருடக் கட்டணம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. உதாரணத்துக்கு 3,000 ரூபா விழுகிறது என்று வைப்போம். ஸ்டேட்மென்ட் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. தவணைத் திகதி தாண்டியதும் தாமதக் கட்டணம், அதன்மேல் வட்டி. அடுத்த மாதம் திரும்பவும் அதே கதை. தொகை சின்னதுதான், ஆனால் கிரிப் அறிக்கையில் அது நாட்கணக்கில் நிலுவையாக நிற்கும். ஒரு பொருளும் வாங்காமலே கட்டாத ஆள் என்ற பதிவு வந்துவிடும்.

கட்டார், சவூதி போகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. உள்ளூர் சிம் செயலிழந்தால் வங்கியின் எஸ்எம்எஸ், ஓடிபி எதுவும் கைக்கு வராது. பயணத்துக்கு முன்னரே கார்டுக்கு ஒரு முடிவு எடுத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

சின்ன பில்லோடு உயிர்ப்பாக வைத்திருப்பது

கடன் வரலாறு குறைந்தவருக்கு, அதாவது ஒரே ஒரு கார்ட், லோன் எதுவுமில்லை என்று இருப்பவருக்கு, இது நல்ல வழி. கரண்ட் பில்லையோ போன் பில்லையோ கார்டில் போட்டு, கார்ட் நிலுவையை சம்பளக் கணக்கிலிருந்து தானாக வெட்டும்படி எழுதிக் கொடுக்கலாம். அந்த ஃபோமில் "முழுத் தொகை", "ஆகக் குறைந்த தொகை" என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதில் புள்ளடி விழுந்தால் மிச்சத்துக்கு வட்டி ஓடும். கார்ட் வட்டிக்கு மத்திய வங்கி 2023 ஓகஸ்டில் வைத்த உச்சவரம்பே வருடத்துக்கு 28 சதவீதம். அந்த வீதத்தில் 10,000 ரூபா மிச்சம் நின்றால் மாதம் சுமார் 233 ரூபா.

வருடக் கட்டணம் கனத்தால், அது விழும் மாதத்துக்கு முன்னரே ஹொட்லைனுக்கு எடுத்துத் தள்ளுபடி கேளுங்கள்; விழுந்த பிறகு கேட்பது கொஞ்சம் கஷ்டம். கிடைக்காவிட்டால் அதே வங்கியின் கட்டணம் குறைந்த கார்டுக்கு மாறலாம். மாறும்போது பழைய கணக்கே தொடருமா, புதுக் கணக்கு திறப்பார்களா என்று கேட்பது அவசியம். புதுக் கணக்கு என்றால் வரலாற்றின் வயது பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

லிமிட்டைக் குறைப்பது

பேசப்படாத தெரிவு இது. ஆனால் லோன் எடுக்கப் போகிறவருக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம்.

லோன் அதிகாரி ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை. அறிக்கையைத் திறந்து கார்ட் கார்டாக லிமிட்டை வாசிக்கிறார். பாவிக்காத கார்ட் என்றாலும் நாளைக்கே முழுவதையும் எடுத்துவிடலாம் என்பதால், லிமிட்டில் ஒரு பங்கை மாதாந்தக் கட்டுமதியாகக் கணக்கில் எடுக்கும் வங்கிகள் உண்டு. வங்கிக்கு வங்கி இந்தப் பங்கு வேறுபடும். கணக்குக்கு 5 சதவீதம் என்று எடுப்போம். சம்பளம் 90,000 ரூபா, அதில் பாதிவரை தவணை கட்டலாம் என்று வங்கி ஏற்றால் 45,000. ஐந்து இலட்சம் லிமிட் உள்ள, தொடாத கார்ட் அதில் 25,000 ரூபாவைத் தின்றுவிடும். லோனுக்கு மிஞ்சுவது 20,000. லிமிட்டை 50,000 ஆக்கினால் கார்டின் பங்கு 2,500, லோனுக்கு 42,500. கார்ட் வயதும் கெடவில்லை, லோனும் கையைவிட்டுப் போகவில்லை. விண்ணப்பிக்கும் கிளையில் "கார்ட் லிமிட்டை எத்தனை வீதம் எடுப்பீங்க?" என்று நேராகவே கேட்கலாம்.

ஒரு கவனம்: வேறு கார்டில் நிலுவை சுமப்பவர் முதலில் அந்த நிலுவையைக் குறைக்க வேண்டும். ஏன் என்பது கீழே உள்ள கணக்கில் தெரியும்.

மூடுவது

உதாரணத்துக்கு மூன்று கார்ட், லிமிட் 2 இலட்சம், 1½ இலட்சம், 1 இலட்சம். மொத்தம் 4½ இலட்சம். நிலுவை 90,000, அதுவும் 1½ இலட்சக் கார்டில் மட்டும். பாவனை, அதாவது மொத்த லிமிட்டில் நிலுவையின் பங்கு, 20 சதவீதம். வெறுமையாக இருக்கும் இரண்டையும் மூடினால் அதே 90,000 இப்போது 1½ இலட்சத்துக்கு எதிரே நிற்கும்: 60 சதவீதம். ஒரு சதம் கூடக் கடன் கூடவில்லை, ஆனால் அறிக்கையில் ஆள் கழுத்தளவு கடனில் நிற்பதுபோல் தெரியும். அந்த நிலுவையைக் கட்டி முடித்துவிட்டு மூடினால் இந்தப் பிரச்சினை இல்லை. பூச்சியத்தை எதனால் வகுத்தாலும் பூச்சியம்.

எதை முதலில் மூடுவது என்றால் ஆகப் புதியதும் கட்டணம் கூடியதுமான கார்டை. பழையது நிற்கட்டும். மூன்றையும் ஒரே வாரத்தில் மூடுவதைவிட இடைவெளி விடுவது நல்லது. லோன் விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் மூடுவதில் பயனில்லை. வங்கிகள் தரவைப் பணியகத்துக்கு அனுப்பி அது புதுப்பிக்கப்படும் வரை அறிக்கையில் கார்ட் உயிரோடுதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை.

மூடும் ஒழுங்கில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். முதலில் தானாக வெட்டும் பில்களை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். வட்டியில்லாத் தவணையில் போனோ ஃபிரிட்ஜோ எடுத்திருந்தால், மூடக் கேட்டதும் மீதித் தவணை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். சேர்ந்த புள்ளிகளை முன்னரே செலவழியுங்கள், பிறகு கிடைக்காது. கார்டோடு ஒட்டிய காப்புறுதியும் எஸ்எம்எஸ் கட்டணமும் இருந்தால் அவற்றையும் நிறுத்தும்படி எழுதுங்கள். மனைவி, பிள்ளை பெயரில் எடுத்த துணைக் கார்டுகளும் கூடவே மூடப்படும். அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கடைசி ஸ்டேட்மென்டில் இருப்பதைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முன்னர் நிலுவை வைத்திருந்தவருக்கு, ஸ்டேட்மென்ட் அச்சான நாளிலிருந்து கட்டிய நாள் வரையான வட்டி அடுத்த மாதம்தான் தலைகாட்டும். 180 ரூபா பாக்கியில் கணக்கு மூடப்படாமல் கிடந்து, அதன்மேல் தாமதக் கட்டணம் ஏறுவது இப்படித்தான். ஹொட்லைனில் "இன்றைக்கு மூடினால் முழுத் தீர்வுத் தொகை எவ்வளவு?" என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்ட வேண்டும்.

பிறகு எழுத்தில் கோரிக்கை: பெயர், அடையாள அட்டை இலக்கம், கார்டின் கடைசி நான்கு இலக்கம், கையொப்பம். காத்தான்குடிக் கிளையில் கொடுத்தாலும் அம்பாறைக் கிளையில் கொடுத்தாலும் முடிவு கொழும்பிலுள்ள கார்ட் பிரிவில்தான் என்பதால், திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். கிளையில் கத்தரித்துத் தந்த கார்ட் மூடியதற்குச் சான்றல்ல. கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்று சொல்லும் கடிதமே சான்று.

நிலையான வைப்பை ஈடாக வைத்து எடுத்த கார்ட் என்றால் இன்னொரு படி உண்டு. கார்ட் மூடியதும் வைப்பு தானாக விடுபடும் என்று இருந்துவிடாமல், விடுவிப்பையும் அதே கடிதத்தில் கேளுங்கள். கடைகாரர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டு, வைப்பு முதிர்ந்து எடுக்கப் போகும்போதுதான் கவுண்டரில் நிற்கிறார்கள்.

அம்பாறை வயல்காரருக்கு எங்கள் கருத்து வேறு. வருமானம் போகத்துக்கு ஒரு தடவை, கார்ட் தவணையோ மாதத்துக்கு ஒரு தடவை. டிராக்டர் லீசிங் ஒழுங்காகக் கட்டுபடுகிறதென்றால் அந்த வரலாறும் கிரிப்பில் பதிவாகிறது. அவருக்கு ஸ்கோருக்காகக் கார்ட் காக்க வேண்டிய தேவை குறைவு, மூடிவிடலாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வங்கி மூலமும் எடுக்கலாம், பணியகத்தின் இணையச் சேவையிலும் எடுக்கலாம். கார்ட் இன்னும் திறந்ததாகவே காட்டினால், பணியகம் தானாகத் திருத்தாது. தரவை அனுப்பிய வங்கிதான் திருத்த வேண்டும். கடிதத்தின் பிரதியோடு முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. அங்கே அசையாவிட்டால் மத்திய வங்கியின் 1935 ஹொட்லைன்.