வாகன நிறுத்துமிடத்து மோதலும் ஓர் அச்சுக் குறியீட்டு நூலும்

சென்னையில் அமர்ந்துகொண்டு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளுக்கு, குறியீடு போடுகிறவர்களில் பலருக்கு, நோய்களுக்கும் காயங்களுக்கும் உரிய குறியீடுகளைத் தொகுத்துத் தரும் ஐசிடி-10-சிஎம் அச்சு நூல் என்பது, குறியீட்டாளர்களுக்கான சிபிசி சான்றிதழ்த் தேர்வு முடியும்வரை மட்டுமே தேவைப்படும் பொருள். அது புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு என்பதால் அதுவரை நூலைப் புரட்டுகிறோம். வேலையில் சேர்ந்ததும் குறியீட்டைத் தேடித் தரும் என்கோடர் மென்பொருள் கைக்கு வந்துவிடுகிறது, நூல் அலமாரிக்குப் போய்விடுகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பிறகு, போட்ட குறியீடுகளைச் சரிபார்க்கும் ஓர் ஆடிட்டில் என் சார்ட்டுகள் மூன்று ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்தன. மூன்றுமே பொதுச்சாலைக்கு வெளியே நடந்த மோதல்கள். மூன்றுக்கும் சாலை விபத்துக்கான குறியீட்டைப் போட்டிருந்தேன். அதன் பின்னரே சொந்தக் காசில் ஒரு பதிப்பை வாங்கினேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் பதிப்பகத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். காயத்தின் புறக்காரணங்களைக் கூறும் இருபதாம் அத்தியாயத்தை வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

திரும்பி வந்த சார்ட்டுகளில் ஒன்று இது. கடை ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த பெண்மணியின் வண்டியில் ஓர் எஸ்யூவி இடித்திருக்கிறது. கழுத்துச் சுளுக்கு என்று டாக்டர் எழுதியிருக்கிறார். புறக்காரணக் குறியீடு ஒருபோதும் முதலிடத்தில் வரக் கூடாது என்பதால், காயத்துக்குரிய எஸ்13.4எக்ஸ்எக்ஸ்ஏ முன்னால் நிற்கும். அடுத்து, கார், ஓட்டுநர், எஸ்யூவி என்று மென்பொருளில் தட்டியபோது முதலில் வந்து நின்றது சாலை விபத்துக்கான வி43.51, அதையே எடுத்துக்கொண்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். போட்டிருக்க வேண்டியது வி43.01எக்ஸ்ஏ, அதாவது நான்-டிராஃபிக் (பொதுச்சாலைக்கு வெளியே நடந்த) விபத்து. இடத்தைக் காட்ட வாகன நிறுத்துமிடத்துக்கான ஒய்92.481 உடன் வர வேண்டும்.

நூலின் இண்டெக்ஸில் அதே இடத்தைத் தேடிப் பார்த்தேன். எஸ்யூவி என்ற வரிக்குப் பக்கத்தில் டிராஃபிக் என்னும் சொல் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. சார்ட்டில் எதுவும் சொல்லப்படாவிட்டாலும் அதையே கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அதற்கு அடுத்த வரியில், சற்று உள்தள்ளி, நான்-டிராஃபிக் நிற்கிறது. இரண்டும் ஒரே பார்வையில் கண்ணில் படுவதால் கை தானாகவே சார்ட்டுக்குத் திரும்பி, இடம் எது என்று தேடுகிறது. இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணம் வீண்போகவில்லை என்பேன்.

போக்குவரத்து விபத்துகள் பகுதியின் தொடக்கத்தில் உள்ள வரையறைகளை இந்தப் பதிப்பு சாம்பல் நிறப் பெட்டிக்குள் அச்சிட்டிருக்கிறது. நான் அதிகம் திரும்பிப் பார்த்த பக்கம் அதுதான். பொதுச்சாலை என்பது வண்டி ஓடும் தார்ப்பரப்பு மட்டுமன்று; ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்வதற்காக, உரிமையினாலோ வழக்கத்தினாலோ பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நிலத்தின் எல்லைக்கோடு முதல் எல்லைக்கோடு வரையிலான முழு அகலமும் அதில் அடங்கும். சாலையில் தொடங்கி வேறிடத்தில் முடிந்த விபத்தும், வண்டியின் ஒரு பகுதியேனும் சாலையில் இருந்த விபத்தும் டிராஃபிக் விபத்துகளே. எனவே, சாலையிலிருந்து விலகிக் கடைச் சுவரில் போய் முட்டிய கார் டிராஃபிக். வீட்டு வாசல் பாதைக்குள்ளேயே பின்னால் நகர்ந்து ஒருவரை இடித்த கார் நான்-டிராஃபிக். இடம் குறிப்பிடப்படாத விபத்து சாலையில் நடந்ததாகவே கருதப்படும். சாலைக்கு வெளியே ஓடுவதற்கென்றே உள்ள வண்டிகள் மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் இந்த அனுமானம் தலைகீழாகிவிடும்.

அந்தத் தலைகீழ் எண்களிலும் தொடர்வதை நான் நூலில்தான் கவனித்தேன். காரில் இருந்தவர்களுக்கான வி40 முதலிய வகைகளில் புள்ளிக்குப் பின் 0 முதல் 3 வரை நான்-டிராஃபிக், 5 முதல் டிராஃபிக். தொழிற்கூட வண்டிகளும் டிராக்டர்களும் ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டி) போன்றவையும் இடம்பெறும் வி83 முதல் வி86 வரையிலோ 0 முதல் 3 வரை டிராஃபிக், 5 முதல் நான்-டிராஃபிக். கிடங்குக்குள் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் காயமடைந்தவருக்குக் கார் பழக்கத்தில் வி83.0 என்று போட்டால், அவரைப் பொதுச்சாலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகிவிடும், அவருக்குரியது வி83.5. இப்படியொரு பொறிக்கு நூலில் ஒரு வண்ணக் குறிப்புகூட இல்லை. மற்ற அத்தியாயங்களில் தேவைக்கு மேலேயே வண்ணத்தை வாரி இறைத்திருக்கும் பதிப்பகம் இங்கே கஞ்சத்தனம் காட்டியதை மன்னிக்க முடியவில்லை.

நடந்து சென்றவர்களுக்கான பகுதியில் மூன்றாவது கதவும் உண்டு. காலால் நடந்தவர் காரில் அடிபட்டால் நான்-டிராஃபிக்குக்கு வி03.00, டிராஃபிக்குக்கு வி03.10, எது என்று குறிப்பிடப்படாததற்கு வி03.90. இடம் சொல்லப்படாவிட்டால் சாலை என்றே கொள் என்று வரையறை கூறும்போது இந்தக் கடைசிக் குறியீடு எதற்கு என்ற கேள்வி எனக்கு இன்றும் இருக்கிறது. வழிகாட்டு நெறிகளின் பக்கங்களில் விளக்கம் தேடலாம் என்றால், அவை அத்தியாயத்திலிருந்து வெகு தொலைவில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் உள்ளன. இடத்தைக் காட்டும் ஒய்92 குறியீட்டை, நோயாளி சிகிச்சைக்கு முதன்முறை வரும்போது, பொதுவாக ஒரே ஒருமுறைதான் போட வேண்டும் என்ற முக்கியமான விதியும் அந்தப் பொடியெழுத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

தாள் மெலிது, மை அடுத்த பக்கத்தில் தெரிகிறது. குறியீடுகள் ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று மாறுவதால் நூலின் ஆயுளும் ஓராண்டுதான். அட்டவணைகளும் வழிகாட்டு நெறிகளும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புறக்காரணக் குறியீடுகளை அனுப்ப வேண்டும் என்ற நாடு தழுவிய கட்டாயமும் அங்கே இல்லை. மாநிலமோ காப்பீட்டு நிறுவனமோ கேட்டால்தான் கட்டாயம். எனவே விபத்துச் சார்ட்டே பார்க்காதவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அவசரப் பிரிவில் இருப்பவர்கள் வாங்கலாம். ஆனால் வி83 தொடங்கும் பக்கத்தின் ஓரத்தில் “இங்கே எண் திரும்புகிறது” என்று, நான் எழுதிவைத்திருப்பதைப் போல, முதல் நாளே பென்சிலால் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.