பிளாஸ்டிக் இல்லாத கறிவிருந்து: ஒரு சமையல் குழு பற்றி

அக்கா பேத்தி காதுகுத்துக்குத் திருப்பரங்குன்றம் பக்கம் மண்டபம் பிடித்தோம். சமையல்காரர்கள் 'பிளாஸ்டிக் இல்லாத பந்தி' என்று சொல்லித்தான் ஆர்டர் எடுத்தார்கள். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் எந்த மண்டபத்தில் அது இல்லை? இங்கே மேசையை ஈரத்துணியால் துடைத்து நேராக இலை போட்டார்கள். தண்ணீர் எவர்சில்வர் டம்ளரில், ஜிகர்தண்டாவும் அதில்தான். தாம்பூலம் மஞ்சப்பையில், சோழவந்தான் வெற்றிலையோடு.

எனக்கு ரொம்பப் பிடித்தது, டம்ளர் கழுவும் பெண்களை முதல் பந்தி முடிந்ததுமே உட்காரவைத்துக் கறியோடு பரிமாறியது. மற்ற இடங்களில் அவர்களுக்கு ரசம்தான் மிஞ்சும். எலும்பைத் தனி வாளியில் எடுத்துவிட்டு இலைகளை உரக்குழிக்கு அனுப்பினார்கள். மீந்த சோறும் குழம்பும் ஆறுவதற்குள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டன.

குறையும் உண்டு. இரண்டாம் பந்தியில் டம்ளர் பற்றவில்லை. மாமா ஒருத்தர் விக்கலோடு கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கழுவுகூலி தனி. பாட்டில் தண்ணீர் வாங்காத காசு அதற்குச் சரியாகப் போச்சு. அப்புறம், எலும்புக் குழம்பில் காரம் தூக்கல். முகூர்த்த நாளுக்கு அமர்த்துகிறவர்கள் டம்ளர் எண்ணிக்கையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.