ஓவர்டோஸ் ட்ரெய்னிங்: ஆன்லைனா, நேர்லயா, கிட் வாங்கும்போது பத்து நிமிஷமா?

ஓபியாய்டு ஓவர்டோஸ்ல ஆளு எப்படி சாகறாங்கன்னு கேட்டா நிறைய பேரு ஹார்ட் நின்னுடும்னு சொல்லுவாங்க, ஆனா முதல்ல நிக்கறது மூச்சு. ஹெராயினோ ஃபெண்டனிலோ டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையோ, எதுவா இருந்தாலும் மூளையில மூச்சை ஓட்டுற இடத்தை மந்தமாக்கிடுது, மூச்சு குறைஞ்சு குறைஞ்சு ஆக்சிஜன் இல்லாமப் போய் அதுக்கப்புறம்தான் ஹார்ட் நிக்குது. நடுவுல கிடைக்கிற சில நிமிஷத்துல பக்கத்துல இருக்கறவங்க கையில நலோக்சோன் (ஓபியாய்டோட வேலையை முறிக்கிற மருந்து) கிட் இருந்து, என்ன செய்யணும்னும் தெரிஞ்சிருந்தா ஆளைக் காப்பாத்திடலாம். அதைச் சொல்லிக் கொடுக்கிற ட்ரெய்னிங் மூணு விதமா கிடைக்குது, மூணும் நான் போய்ப் பார்த்துட்டேன்.

முதல்ல ஆன்லைன் கோர்ஸ். வீட்ல ஒருத்தர் பழக்கத்துல மாட்டியிருக்காருன்னு வெளிய சொல்ல முடியாம தவிக்கிறவங்களுக்கு இதை விட நல்ல வழி இல்ல, கதவைச் சாத்திக்கிட்டு தனியா உக்காந்து படிக்கலாம், புரியலைன்னா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அறிகுறிகளைக் கத்துக்க இதுதான் பெஸ்ட்னு நினைக்கிறேன். கண்ணு பாப்பா குண்டூசி முனை மாதிரி சுருங்கியிருக்கும், உதடும் நகமும் நீலமா மாறும், கருத்த தோலா இருந்தா சாம்பல் பூத்த மாதிரி தெரியும், கூப்பிட்டாலும் நெஞ்செலும்பை விரல் முட்டியால அழுத்தித் தேய்ச்சாலும் அசைய மாட்டாங்க. இதெல்லாம் எழுத்துல படிச்சாலே புரியும். ஆனா அந்தக் குறட்டை இருக்கே, தொண்டைக்குள்ள கொரகொரன்னு இழுக்கிற சத்தம், அதை வீடியோவுல ஒரு தடவை கேட்டவங்க மறக்கவே மாட்டாங்க. "நல்லா தூங்கறான், எழுப்ப வேணாம்"னு பக்கத்து ரூம்ல இருந்தவங்க விட்டுட்டுப் போறது இந்த சத்தத்தைக் கேட்டுத்தான்.

ஆனா ஆன்லைன்ல கைக்கு எதுவும் ஏறாது. நேரடி கிளாஸ்ல என் பக்கத்துல இருந்தவரு ஆன்லைன் கோர்ஸை முழுசா முடிச்சிட்டு வந்தவரு, பரீட்சையில எல்லா கேள்விக்கும் சரியா பதில் போட்டவரு. பழகறதுக்கான ஸ்ப்ரேயைக் கையில கொடுத்ததும் வேலை செய்யுதான்னு பார்க்க காத்துல ஒரு தடவை அழுத்தினாரு. அவ்வளவுதான், காலி. நலோக்சோன் நேசல் ஸ்ப்ரேல ஒரே ஒரு டோஸ்தான் இருக்கும், டெஸ்ட் பண்ணவே கூடாது, நேரா மூக்குக்குள்ள வெச்சுத்தான் அழுத்தணும். அவரு முகம் வாடிப் போச்சு, நிஜமா நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சிருப்பாரு. அந்த ரூம்ல இருந்த யாரும் இனிமே அந்தத் தப்பைச் செய்ய மாட்டோம்.

நேரடி கிளாஸோட உண்மையான மதிப்பு மூச்சு கொடுக்கிறதுலதான் இருக்கு. டம்மியோட மூக்கைப் பிடிச்சுக்கிட்டு 5 செகண்டுக்கு ஒரு தடவை ஊதணும். நான் ஊதினேன், நெஞ்சு எழும்பவே இல்ல, இன்னும் பலமா ஊதினேன், அப்பவும் இல்ல. சொல்லிக் கொடுத்த அம்மா பக்கத்துல உக்காந்து ரெண்டு விரலை தாடைக்குக் கீழ வெச்சு கொஞ்சமா மேல தூக்கிவிட்டாங்க, அடுத்த ஊதலுக்கே நெஞ்சு எழும்பிச்சு. எவ்வளவு தூக்கணும்ங்கறது விரல் கணக்கு, எந்த வீடியோவும் இதைச் சொல்லித் தராது. மருந்து வேலை செய்ய ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் அந்த ஆளுக்கு நம்ம மூச்சுதான் மூச்சு.

மூணாவது, கிட் வாங்குற இடத்துலயே நின்னபடி கிடைக்கிற பத்து நிமிஷம். அவசரத்துல சொல்றாங்கன்னு பலர் இதை மட்டமா பேசுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஓவர்டோஸை முதல்ல பார்க்கிறது கூட சேர்ந்து எடுக்கிறவங்களும் வீட்ல இருக்கறவங்களும்தான், அவங்க ரெண்டு மணி நேர கிளாஸுக்கு வந்து உக்காருவாங்கன்னு எதிர்பார்க்க முடியாது. சிகாகோவுல 1996-லயே போதைப்பொருள் எடுக்கிறவங்க கையிலயே நலோக்சோனைக் கொடுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 2014-ல உலக சுகாதார நிறுவனமும் ஓவர்டோஸை நேர்ல பார்க்க வாய்ப்புள்ள எல்லாருக்கும் மருந்தும் பயிற்சியும் கிடைக்கணும்னு சொல்லிடுச்சு. மத்த ரெண்டுலயும் சர்டிபிகேட்டோட வெறுங்கையா வீட்டுக்குப் போக வாய்ப்பிருக்கு, இதுல மருந்து கைக்கு வந்துடுது.

ஸ்ப்ரேயா ஊசியாங்கற கேள்வி எல்லா கிளாஸ்லயும் வரும். வழக்கமான ஸ்ப்ரேல 4 மில்லிகிராம், மாட்டறதுக்கு எதுவும் இல்ல, பதட்டத்துல கை நடுங்கினாலும் போட்டுடலாம். ஊசின்னா சின்ன மருந்து பாட்டில்ல இருந்து 0.4 மில்லிகிராம் இழுத்து தொடை இல்ல தோள்பட்டை சதையில குத்தணும், துணிக்கு மேலயே குத்தலாம், விலையும் கம்மி. வேலை செய்யறதுல ரெண்டும் நல்லதுதான், ஆனா ஊசி கிட் வாங்குறவங்க நேர்ல ஒரு தடவையாவது பழகிக்கணும். 8 மில்லிகிராம் ஸ்ப்ரே இன்னும் பலம்னு தேடி அலையாதீங்க. நியூயார்க் மாநில போலீஸ் 4-ஐயும் 8-ஐயும் பயன்படுத்தினதை ஒப்பிட்டுப் பார்த்தாங்க, உயிர் பிழைச்சதுல வித்தியாசமே இல்ல, 8 போட்டவங்களுக்கு வாந்தியும், போதை திடீர்னு இறங்கறப்போ வர்ற வித்ட்ராயல் அவஸ்தையும்தான் அதிகம். ரெண்டு மூணு நிமிஷத்துல மூச்சு திரும்பலைன்னா இன்னொரு டோஸ் போடுறதுதான் சரி.

என்னைக் கேட்டா, வீட்ல ஆபத்து இருக்குன்னா இன்னிக்கே போய் அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்டு கிட்டோட வாங்க, ராத்திரி ஆன்லைன்ல பாருங்க, நேரடி கிளாஸ் கிடைக்கும்போது கண்டிப்பா போங்க. கிளாஸைத் தேர்ந்தெடுக்கும்போது மூச்சு கொடுக்கச் சொல்லித் தருவாங்களான்னும், ஆளு கண்ணு முழிச்சதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு சொல்லுவாங்களான்னும் முன்னாடியே கேளுங்க. இந்த ரெண்டாவதைப் பல இடத்துல விட்டுடறாங்க. நலோக்சோன் 30-லிருந்து 90 நிமிஷம் வரைக்கும்தான் நிக்கும், அது இறங்கினதும் மூச்சு மறுபடி விழலாம், எழுந்தவரு உடம்பெல்லாம் வலிக்க கோவத்தோட "நான் நல்லாதான் இருக்கேன், விடு"ன்னு கிளம்பப் பார்ப்பாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூடவே இருக்கணும், தூக்கமா இருந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். எடுத்தது ஓபியாய்டுதானான்னு சந்தேகமா இருந்தாலும் போடுங்க, இல்லைன்னாலும் நலோக்சோன் கெடுதல் பண்ணாது.

கிட்டை பீரோவுல வெச்சுப் பூட்டாதீங்க. எங்க இருக்குன்னு வீட்ல இருக்கற எல்லாருக்கும் காட்டி வைங்க, ஏன்னா ஓவர்டோஸ் ஆனவரால தனக்குத்தானே போட்டுக்க முடியாது.