டிவி பழுதா? இணையத்தில் முதலில் வரும் "கஸ்டமர் கேர்" எண்ணை நம்பாதீர்கள்

ரூ.4,850 போய்விட்டது. டிவியைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி ஏமாற்றிய போலி "கம்பெனி சர்வீஸ்" மையத்தை இன்று காலை வேறொரு போனிலிருந்து அழைத்தேன். என் குரலைக் கேட்டதுமே இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். மதுரையில் இன்னொரு வீட்டில் இவர்கள் கால் வைக்கக் கூடாது.

தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிய 43 அங்குல டிவி, அதிகம் பெயர் தெரியாத பட்ஜெட் பிராண்டு. ஓராண்டு உத்தரவாதம் முடிந்து சில மாதங்களில் திடீரென்று திரை கறுத்துவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. அப்பாவுக்கு நாள் முழுவதும் செய்திச் சானல் ஓட வேண்டும். அதனால் பிராண்டின் பெயரோடு "சர்வீஸ் சென்டர் மதுரை" என்று தேடி, மேலே வந்த எண்ணுக்கு அழைத்தோம். எடுத்த பெண்ணிடம், "கம்பெனி சர்வீஸ்தானே?" என்று தெளிவாகக் கேட்டேன். "ஆமாம் சார், கம்பெனியிலிருந்துதான் ஆள் வருவார்" என்றார்.

வந்தவர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றினார். அம்மாவிடம் பழைய போர்வை ஒன்றைக் கேட்டு வாங்கி, கட்டிலில் விரித்து, டிவியைப் பக்குவமாகக் கவிழ்த்து வைத்தார். அந்தப் பக்குவத்தைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அம்மா காபி போட்டுக் கொடுத்தார். "போர்டு (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டது சார், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும், மூன்று மாதம் கியாரண்டி தருகிறோம்" என்றார். ரூ.4,850 முழுவதையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, டிவியோடு போய்விட்டார்.

திரும்பி வந்த டிவியில் படம் தெரிந்தது. ஆனால் போட்டவுடன் எங்கள் பிராண்டின் பெயருக்குப் பதில் ஏதோ கேள்விப்படாத பெயர் திரையில் வந்தது. வைஃபை இல்லை. பின்புறம் பார்த்தேன்: மூடியில் எச்டிஎம்ஐ (செட்டாப் பாக்ஸ் கேபிள் செருகும்) துளைகள் மூன்று, உள்ளே இருந்த போர்டிலோ இரண்டுதான். மூன்றாவது துளை வெறும் ஓட்டையாக நின்றது. நல்ல போர்டைக் கழற்றிக்கொண்டு ஏதோ ஒரு போர்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்! அந்த வாரமே திரை மறுபடியும் கறுத்துவிட்டது.

அதன் பிறகுதான் அலைக்கழிப்பு. முதலில் "டெக்னீஷியன் லீவு" என்றார்கள். பிறகு "ஹெட் ஆபீஸில் சொல்லியிருக்கிறோம்" என்றார்கள். பிறகு "இது வேறு பழுது சார், இப்போது பேனல் (படம் காட்டும் திரை) போய்விட்டது, ரூ.11,000 ஆகும்" என்றார்கள். கியாரண்டியைப் பற்றிக் கேட்டால் "பில்லைப் படியுங்கள்" என்று பதில். படித்தேன். ஜிஎஸ்டி எண் இல்லை. அடியில் கடுகளவு எழுத்தில், "நாங்கள் உத்தரவாதம் முடிந்த பொருள்களுக்கான தனியார் சேவை மையம்" என்று இருந்தது. என் எண்ணைத் தடை செய்த பின் மனைவியின் போனிலிருந்து அழைத்தால், அதே பெண் "வணக்கம், எந்தக் கம்பெனி டிவி சார்?" என்கிறார். எல்லாக் கம்பெனிக்கும் இவர்களே "கம்பெனி சர்வீஸ்"!

டிவி பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணில் உண்மையான கம்பெனியைப் பிடித்தேன். அப்படியொரு மையமே தங்களுக்கு இல்லை என்றார்கள். வெளியாள் பிரித்த டிவியைத் தொட மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து இருட்டில் டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தார். மங்கலாகப் படம் தெரிந்தது. "பேனல் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, பேக்லைட்தான் போயிருக்கிறது" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குதான் பேக்லைட். பிரித்துக் காட்டினார். எல்இடி பட்டையில் எரிந்துபோன ஒரு பல்பை மாற்றாமல், இரு முனையையும் கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். இந்தப் பல்புகள் வரிசைத் தொடராக இணைந்தவை. ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். கம்பி போட்டால் சில நாள் எரியும், பிறகு அடுத்த பல்பு போகும். முதலிலேயே பட்டையை மாற்றியிருந்தால் ரூ.4,850இல் பாதிகூட ஆகியிருக்காது. இப்போது பட்டையும் வாங்க வேண்டும், போர்டும் தேட வேண்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் சிறிதுதான் என்று விட்டுவிடுவார்கள் என்ற தைரியத்தில்தானே இவர்கள் பிழைக்கிறார்கள்.

விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சர்வீஸ் எண்ணைப் பெட்டியிலிருந்தோ உத்தரவாத அட்டையிலிருந்தோ மட்டும் எடுங்கள். திரை கறுத்துச் சத்தம் வந்தால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேக்லைட்டை முழு அளவில் வைக்காமல் குறைத்து வையுங்கள், பல்பு கூடுதல் நாள் உழைக்கும். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். டிவியை வெளியே கொண்டுபோகிறேன் என்றால் மூடியைத் திறக்கச் சொல்லி, போர்டில் ஒட்டியிருக்கும் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். மறுத்தால் அனுப்பவே அனுப்பாதீர்கள்.