நாற்பதாவது பிறந்தநாள் பார்ட்டி: பாண்டியா, கடற்கரையா, மொட்டை மாடியா?

கடலூர் புதுப்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனார், தன் வீட்டுக்காரரின் 40-வது பிறந்தநாளை அவருக்கே தெரியாமல் ஒரு தீம் பார்ட்டியாக நடத்துவது என்று முடிவு செய்துவிட்டாள். இடம்தான் முடிவாகவில்லை. பாண்டிச்சேரி வெள்ளை நகரத்தில் பிரெஞ்சு தீம் என்கிறான் அவள் தம்பி. கடற்கரையில் கடற்கொள்ளையர் தீம் என்கிறார்கள் பிள்ளைகள். மொட்டை மாடியில் ரயில் தீம் என்பது என் கட்சி. அண்ணன் (நாத்தனார் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், ரயில் பைத்தியம். நல்லவேளை, இது 40. 60 என்றால் பேச்சுக்கே இடமில்லை, திருக்கடையூருக்கு வேன் பேசியிருப்பார்கள்.

செலவை மட்டும் வைத்து மூன்றையும் எடை போட முடியாது. சந்தேகம் வராமல் ஆளை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியுமா, அந்தத் தீமுக்கும் அவருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வியில் பாண்டிக்கு முழு மதிப்பெண். "சும்மா பாண்டி வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்றால் கடலூரில் யாருமே ஏன் என்று கேட்பதில்லை. அலங்காரச் செலவும் மிச்சம். துய்மா வீதி, ரோமன் ரோலன் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டையோ உணவகத்தின் முற்றத்தையோ பிடித்துவிட்டால் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் உயரமான மரக் கதவுகளுமே போதும், பலூன்கூட வேண்டாம். பிறந்தநாள் ஜூலை 14-ஐ ஒட்டி வந்தால் இன்னும் விசேஷம், பிரெஞ்சு தேசிய நாளை அங்கே இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். தாத்தாவோ பெரியப்பாவோ சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரராக இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கிய குடும்பம் என்றால் நானே பாண்டிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பழைய போட்டோக்களை மாட்டலாம், அங்கத்திய வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரம் வாசனை ரவை கேக்கையே வெட்டலாம். நம் அண்ணன் தலையில் பிரெஞ்சுத் தொப்பியை வைத்தால் பள்ளி ஆண்டுவிழா மாறுவேடம் மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் போக்குவரத்து. சனி, ஞாயிறு என்றால் சென்னை, பெங்களூர் வண்டிகள் ஊரை நிரப்பிவிடும். கடற்கரைச் சாலையை மாலை 6 மணிக்கு வண்டிகளுக்கு மூடிவிடுவதால், சுற்றியுள்ள தெருக்களில் காரை நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முட்டிவலி உள்ள அத்தைகளை எவ்வளவு தூரம் நடக்க வைப்பது? பாண்டி பார்ட்டி என்றதும் நண்பர்கள் எதை முதலில் கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அங்கேயே முடிந்தால் சரி. மிச்சத்தை டிக்கியில் போட்டுக்கொண்டு பாண்டிச் சரக்கைச் சோதிக்கும் ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு வந்தால் பிறந்தநாள் வேறு மாதிரி முடியும். வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

கடற்கரைக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். சுண்ணாம்பாற்றிலிருந்து படகில் பாரடைஸ் பீச்சுக்குப் போவது கடற்கொள்ளையர் கதைக்கு அச்சாகப் பொருந்தும்தான். ஆனால் சாயங்காலத்தோடு படகு நின்றுவிடும், ஆகவே அது பகல் விருந்து. விருந்தாளிகளை எல்லாம் முந்திய படகில் அனுப்பி ஒளித்து வைக்க வேண்டும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம்தான், ஆனால் அது ஊரே காற்று வாங்கும் இடம், பாதிப் பேர் தெரிந்தவர்கள். கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது, க்ரீமில் மணல் ஒட்டும். கேஸ் பலூன் கட்டுகிறோம் என்பார்கள். மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான் இருக்கும், நெருப்புப் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஹீலியம் பாதுகாப்பு, விலைதான் கடிக்கும். ஸ்னோ ஸ்ப்ரேயையும் மெழுகுவர்த்திப் பக்கம் விடாதீர்கள், அதில் இருக்கும் வாயுவும் எரியக்கூடியது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை என்றால் மழையை நினைத்தே இந்த யோசனையை விட்டுவிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்குக் கடற்கரை சரி, அவ்வளவுதான்.

மாடிக்கு வருவோம். அவர்கள் வீட்டு மாடி உதவாது. ஷிப்ட்காரர் எந்நேரம் வீட்டில் இருப்பார் என்று சொல்ல முடியாது, சாமியானா கம்பி நடும் சத்தத்திலேயே எழுந்து வந்துவிடுவார். அதனால் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி. அழைத்துவரக் காரணம் தேட வேண்டியதில்லை: "அண்ணே, மோட்டார் ஓடலை, கொஞ்சம் வந்து பாருங்க." சட்டைப் பையில் டெஸ்டரைச் சொருகிக்கொண்டு தானாக வருவார். இரண்டு மணிக்கு விடும் ஷிப்ட் உள்ள வாரமாகப் பார்க்க வேண்டும். பத்து மணிக்கு விடும் வாரம் என்றால் அவர் வரும்போது ஸ்பீக்கரை நிறுத்தியாக வேண்டும், இரவு 10-க்கு மேல் சட்டப்படி கூடாது.

அவர் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனதெல்லாம் மீட்டர் கேஜ் ரயிலில். விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை அகலப்பாதையாகி மறுபடி திறந்தது 2010-ல்தான். அழைப்பிதழை அந்தக் காலத்து அட்டை டிக்கெட் அளவில் அடிக்கலாம், ஏறக்குறைய 5.7 செ.மீ.க்கு 3 செ.மீ. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் அவர் பெயர், அடியில் கடல் மட்ட உயரம் எழுதும் இடத்தில் 40. மந்தார இலைப் பொட்டலத்தில் புளியோதரை, தயிர் சாதம், கூடையில் மசால் வடை, கேனில் காபி. அவர் கடைசிப் படியில் கால் வைக்கும்போது "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஸ்பீக்கர் ஆரம்பிக்க வேண்டும்.

தீமும் சர்ப்ரைஸும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எல்லோரும் வேஷத்தில் இருக்க, நாயகர் மட்டும் லுங்கியில் வந்து நிற்பார். பிரெஞ்சு தீமில் இதற்கு வழியே இல்லை. இங்கே டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டு ஒன்றைப் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கவிட்டால் போதும், லுங்கிக்கு மேலேயே மாட்டிவிடலாம்.

மாடியில் வேலை முழுக்க நம் தலையில்தான். பாத்திரம், நாற்காலி, மழை வந்தால் கீழே ஓட ஒரு ஹால், எல்லாம் பார்க்க வேண்டும். கேக் ஃப்ரெஷ் க்ரீம் என்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் இளகிவிடும், வெட்டும் நேரம் வரை ஃப்ரிட்ஜை விட்டு எடுக்கக் கூடாது.

நாத்தனாருக்கு நான் சொன்னது, நட்சத்திரப் பிறந்தநாளை முதலில் முடித்துவிடு என்பதுதான். பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம். இந்த வருஷம் இவ்வளவுதான் என்று அண்ணன் நினைத்துக்கொள்வார். ஆங்கிலத் தேதி பின்னால் வருகிற வருஷமாக அமைந்தால் அதிர்ஷ்டம். அவள் மாமியாரிடம் மட்டும் அன்றைக்கு மத்தியானம் சொன்னால் போதும், அதுவும் அவர் போனை வாங்கி வைத்துக்கொண்டு.