ரசகதலிக் கன்று தர மறுத்த நாற்றுப்பண்ணை

களக்காட்டிலிருந்து ஏர்வாடி போகும் சாலையில் ஒரு திசு வாழை நாற்றுப்பண்ணை இருக்கிறது; ஆய்வகத்தில் வாழைத் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகளை விற்கிறார்கள். வாழை போடும் யார் கேட்டாலும் அங்கேதான் போகச் சொல்கிறேன். என் கீழ வயலுக்குக் கன்று தர முடியாது என்று நேராகச் சொன்ன இடம் அது.

அந்த வயலில் போன முறை போட்ட ரசகதலி வாழை முழுக்க வாடல் நோயில் அழிந்துவிட்டது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிக் காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கின. தண்டு அடியில் நீளவாக்கில் வெடித்தது. கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்புக் கோடுகள். மண்ணில் இருக்கும் பியூசேரியம் பூஞ்சை வேர் வழியாக ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. வாழையே இல்லாவிட்டாலும் பல ஆண்டுகள் அது மண்ணில் உயிரோடு கிடக்கும்.

பண்ணை நடத்தும் அண்ணாச்சி விலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. முன்பு என்ன பயிர், யார் வயல் வழியாகத் தண்ணீர் வருகிறது என்று விசாரித்தார். "தம்பி, இது நோய் இல்லாத கன்று, அவ்வளவுதான். நோயைத் தாங்கும் கன்று இல்லை. அந்த மண்ணில் வைத்தால் இதுவும் போய்விடும்" என்றார். திசு வாழை என்றாலே வாடல் வராது என்று சொல்லி விற்பவர்கள் நடுவில் இப்படி ஒருவர். கீழ வயலில் நெல் போடச் சொன்னார். தண்ணீர் கட்டி நிற்கும்போது பூஞ்சை குறையுமாம். நோய் வராத மேல வயலுக்கு மட்டும் ரசகதலி தந்தார். கீழே புழங்கிய மம்பட்டியைக் கழுவாமல் மேலே கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

நோய் தாங்கும் ரசகதலியையே உருவாக்க முடியாதா என்று கேட்டேன். விதை இல்லாத பயிரில் இரண்டு ரகங்களைக் கலந்து புது ரகம் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை என்றார். 1950களில் இதே நோய் மத்திய அமெரிக்காவில் குரோமிஷல் வாழையை அழித்தபோது, உலகச் சந்தை அந்த நோயைத் தாங்கிய கேவண்டிஷ் என்ற வாழை வகைக்கு மாறிக்கொண்டது. நம் ஊரில் போடும் ஜி-9 ரகமும் அந்தக் குடும்பம்தான். இப்போது டிஆர்-4 என்னும் புதிய வகைப் பூஞ்சை கேவண்டிஷையும் கொல்கிறது; பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. காட்டு வாழையின் மரபணுவைச் சேர்த்து அதைத் தாங்கும் கேவண்டிஷை ஆஸ்திரேலியாவில் உருவாக்கி, 2024-இல் ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். ரசகதலிக்கும் அப்படியொரு முயற்சி வேண்டும். அந்த மணத்துக்கும் மாவுப் பதத்துக்கும் ஜி-9 எந்த விதத்திலும் ஈடாகாது.

கன்றுகள் நன்றாக இருந்தன. நிழல்வலைக்குள் பழக்கி, ஐந்தாறு இலை விட்ட பிறகே தருகிறார்கள். பையைக் கிழித்தால் வெள்ளை வேர் உருண்டை குலையாமல் வருகிறது. வாசலில் காலை நனைத்துப் போகக் கிருமிநாசினித் தொட்டி வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. லோடு ஆட்டோவில் தட்டுகளை அடுக்கிய விதத்தில் கீழ் அடுக்குக் கன்றுகளின் இலைகள் கிழிந்துவிட்டன. பில்லில் ரகமும் தொகுதி எண்ணும் எழுதித் தருவதில்லை. திசு வாழையில் சில கன்றுகள் ரகம் மாறி வளர்வதுண்டு; அப்போது எதைக் காட்டிக் கேட்பது? போகிறவர்கள் இரண்டையும் எழுதி வாங்குங்கள். முன்பணம் கட்டிப் பதிவு செய்தால்தான் ரசகதலி கிடைக்கும்.