10, 20, 30, 40: வீட்டில் ஹேர் டை அடிக்க எந்த டெவலப்பர்?

ஹேர் கலரின் ஷேடைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். அதோடு கலக்கும் டெவலப்பர் விஷயத்தில் மட்டும் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடுகிறோம். பாட்டிலில் இருக்கும் எண் (இதை வால்யூம் என்பார்கள்) பெரிதானால் நிறம் நன்றாகப் பிடிக்கும் என்று வேறு பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை.

டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. சாயத்தில் உள்ள நிறமற்ற பொருட்களை முடிக்குள் நிறமாக மாற்றுவது அதன் ஒரு வேலை. முடியின் இயற்கை நிறத்தை வெளுப்பது இன்னொரு வேலை. எண் ஏறும்போது முக்கியமாகக் கூடுவது இந்த வெளுப்புதான், கூடவே முடிக்கு ஆகும் சேதமும். 10 வால்யூமில் 3 சதவீதப் பெராக்சைடு, 20-இல் 6, 30-இல் 9, 40-இல் 12.

10 வால்யூம் முடியை அநேகமாக வெளுக்காது. இருக்கும் நிறத்திலேயே அல்லது அதைவிடக் கருமையாக அடிக்க, மங்கிய நிறத்தைப் புதுப்பிக்க இது போதும். நரைக்கு மட்டும் கொஞ்சம் பலவீனம், சீக்கிரம் மங்கிவிடும்.

நரையை மறைக்க 20 வால்யூம்தான் என் தேர்வு. ஒன்றிரண்டு நிலை (அதாவது ஒன்றிரண்டு ஷேடு) வெளுப்பும் கிடைக்கும். ஆனால் நேரத்தைக் குறைக்கக் கூடாது. தலையில் பூசிய கலவை சீக்கிரமே கருத்துவிடும். அதைப் பார்த்து "பிடித்துவிட்டது" என்று கழுவினால், முடிக்குள் வேலை பாதியில் நின்றுபோகும். பாக்கெட்டில் சொன்ன நிமிடங்கள் முழுவதும் இருக்கட்டும்.

20-ஆ 30-ஆ என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 30 இரண்டு மூன்று நிலை வெளுக்கும் என்பது சரி. ஆனால் அது சாயம் படாத முடிக்குத்தான். ஏற்கெனவே கருப்பு டை அடித்த முடியை, புது டை எவ்வளவு வலுவான டெவலப்பரோடு வந்தாலும், வெளுக்காது. அப்போது என்ன ஆகும்? புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் வெளுக்கும், மற்றதெல்லாம் கருப்பாகவே நிற்கும். தலையின் சூடு சேரும்போது வேர் இன்னும் வேகமாக வெளுக்கும். கருப்பு முடி வெளுக்கும்போது உள்ளிருந்து சிவப்பும் ஆரஞ்சும் வெளியே வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அட்டையில் இருக்கும் அமைதியான பழுப்பு உங்கள் தலையில் செம்பட்டையாக முடியலாம். அதனால் சாயமே படாத முடியைத் தெளிவாக வெளிர் ஆக்க நினைப்பவருக்கு மட்டும் 30, அதுவும் பழகிய கை என்றால்.

40 வீட்டுக்கு வேண்டாம். தோல் எரியும், முடி உடையும்.

சாயத்தையும் டெவலப்பரையும் கலக்கும் விகிதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும்: சிலது 1:1, சிலது 1:1.5. டெவலப்பரைக் கூட்டி ஊற்றினால் சாயம் நீர்த்துப்போகும். பெட்டியாக வரும் கிட் என்றால் உள்ளே இருப்பதையே பயன்படுத்துங்கள், வேறு பாட்டிலை மாற்றிப் போட வேண்டாம்.

அப்புறம் அலர்ஜி. பெரும்பாலும் அதற்குக் காரணம் பிபிடி போன்ற சாயப்பொருட்கள். ஆகவே 10 வால்யூம் எடுத்தாலும் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் பூசிப் பார்ப்பது) கட்டாயம், ஒவ்வொரு முறையும், 48 மணி நேரம் முன்பே. புருவத்துக்கும் இமைக்கும் இந்தச் சாயம் கூடவே கூடாது. கலக்க பிளாஸ்டிக் கிண்ணம் எடுங்கள், உலோகம் வேண்டாம். மீந்த கலவையை மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள். உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.